‘வாட்டர்ஷெட்’: தேர்தலுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் ஒரே சொல்லா? தமிழில் என்ன எழுதுவது?

ஈசூன் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொதுமக்களுக்கான ஒரு தகவல் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலை. அதில் ‘வாட்டர்ஷெட்’ என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. நான்கிலும் வெவ்வேறு பொருள் தருவதுபோல் தோன்றுகிறது.

முதலாவது, சிங்கப்பூரின் 2011 பொதுத்தேர்தல் ஒரு ‘வாட்டர்ஷெட்’ தேர்தல் எனப் பேசப்பட்டது என்ற வாக்கியம். இரண்டாவது, ‘வாட்டர்ஷெட்’டில் போடும் குப்பை மழைநீரோடு நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும் என்ற எச்சரிக்கை. மூன்றாவது, ஒரு வரைபடத்தின் கீழே, இரண்டு ஓடைகளுக்கு இடைப்பட்ட ‘வாட்டர்ஷெட்’ இந்த நடைபாதையை ஒட்டியே செல்கிறது என்ற குறிப்பு. நான்காவது, பிரிட்டனில் சில நிகழ்ச்சிகளை ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பிறகுதான் ஒளிபரப்பலாம் என்ற வரி.

மொழிபெயர்ப்புக் கருவி ஓரிடத்தில் ‘நீர்க் கொட்டகை’ என்கிறது, இன்னோரிடத்தில் ‘நீர்நிலை’ என்கிறது. இரண்டும் சரியில்லை என்று தெரிகிறது, ஆனால் எது சரி? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஆவணம் முழுவதும் ஒரே தமிழ்ச்சொல் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட விதி. நான்குக்கும் பொருந்தும் ஒரு சொல் உண்டா? அந்த ‘ஷெட்’ உண்மையில் என்ன?

---

வேர்ச்சொல் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். அது விளங்கினால் மற்றவை தானே பிரியும்.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளால் எழுதப்படும் இரண்டு ‘ஷெட்’ உண்டு. ஒன்று கொட்டகை. ‘கவ்ஷெட்’, ‘வுட்ஷெட்’ ஆகியவற்றில் வருவது இது. நிழலைக் குறிக்கும் ‘ஷேட்’ என்ற சொல்லின் திரிபு என்று அகராதிகள் இதைக் கொள்கின்றன. மற்றது ஒரு வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘பிரி, வேறாக்கு’. வாட்டர்ஷெட்டில் இருப்பது இந்த இரண்டாவது ஷெட். ஆகவே அது நீரைப் பிரிப்பது. கொட்டகைக்கும் அதற்கும் உறவே இல்லை.

இந்த வினை காலப்போக்கில் மெல்ல மாறியது. ‘பிரி’ என்பது ‘சிதறு’ ஆகி, பிறகு ‘சிந்து, உதிர்’ ஆனது. இன்று கண்ணீர் சிந்துவது, மரம் இலை உதிர்ப்பது, பாம்பு சட்டை உரிப்பது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ஷெட்’தான். ‘பிளட்ஷெட்’ என்ற கூட்டுச்சொல்லில் இருப்பதும் இதுவே. பழைய ‘பிரி’ என்ற பொருள் அன்றாட ஆங்கிலத்திலிருந்து மறைந்துவிட்டதால், இன்று ஆங்கிலம் பேசுவோரில் பலருக்கும் வாட்டர்ஷெட்டின் உள்ளே ‘பிரிப்பு’ இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் முழுவதும் மறையவில்லை. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் தலைமுடியில் எடுக்கும் வகிட்டுக்கு ‘ஷெட்’ என்ற பெயர் வட்டார வழக்கில் உண்டு. நெசவில், பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து நாடா ஓடுவதற்கு வழிவிடும் இடைவெளிக்கும் ‘ஷெட்’ என்றே பெயர். இரண்டும் பிரிப்புதான்.

ஜெர்மன் மொழியைப் பார்த்தால் இன்னும் தெளிவு. ‘ஷைடன்’ என்றால் பிரித்தல். ‘ஷைடுங்’ என்றால் மணவிலக்கு. ‘ஷைட்டல்’ என்றால் தலை வகிடு. ‘வாஸர்ஷைட’ என்றால் நீர் பிரியும் முகடு. ஆங்கிலத்தின் வாட்டர்ஷெட் இந்த ஜெர்மன் கூட்டுச்சொல்லைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. அந்நாளைய நிலவியல் எழுத்துகளில் இரண்டு சொற்களுக்கும் நடுவே சிறு கோடு இருக்கும், பிறகு ஒட்டிக்கொண்டது. இதே பொருளில் ‘வாட்டர்பார்ட்டிங்’ என்ற சொல்லையும் சில புவியியலாளர்கள் எழுதினார்கள். அது நிலைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது.

கூட்டுச்சொல்லின் இயல்பே இதுதான். இரண்டு பெயர்களுக்கு நடுவே என்ன உறவு என்பதை அது சொல்லாது. தமிழ்த் தொகைகளிலும் அப்படியே. பொற்குடம் பொன்னாலாகிய குடம். பாற்குடம் பாலாலாகிய குடம் அல்ல, பாலை உடைய குடம். உறவை நாம்தான் விரித்துப் படிக்க வேண்டும். வுட்ஷெட் விறகு வைக்கும் கொட்டகை, பிளட்ஷெட் இரத்தம் சிந்துதல், வாட்டர்ஷெட் நீரைப் பிரிப்பது. ஈற்றுச்சொல்லை எழுதுவது மூன்றிலும் ஒன்றுபோல், விரியும் விதம் மூன்று. கருவி இந்த விரிவைச் செய்யாமல் துண்டு துண்டாக மாற்றுவதால்தான் ‘நீர்க் கொட்டகை’ பிறக்கிறது.

ஜெர்மனும் வட்டார ஆங்கிலமும் தலைமுடியிலிருந்து மலைமுகட்டுக்குப் போனதைப் பார்க்கும்போது நம் ‘வகிடு’ நினைவுக்கு வராமல் இராது. வகு, வகிர், வகிடு எல்லாம் ஒரு குடும்பம். உச்சியில் எடுத்த வகிட்டின் இருபுறமும் முடி எப்படி இரண்டாகச் சரிகிறதோ, அப்படித்தான் முகட்டின் இருபுறமும் மழைநீர் சரிகிறது. ‘நீர்வகிடு’ என்று ஒரு சொல் ஏன் இருக்கக்கூடாது என்பது என் ஆசை.

---

நிலவரை எழுதியது:

வேர்ச்சொல் ஐயா சொன்னதற்குப் பிறகு புவியியல் பக்கம் எளிது. ஆனால் இங்கே ஒரு பெரிய பிளவு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்கள் தப்பாகப் போகும்.

பிரிட்டிஷ் வழக்கில் வாட்டர்ஷெட் ஒரு கோடு. இரு பக்கமும் நீர் பிரியும் முகடு. அமெரிக்க வழக்கில் அது ஒரு பரப்பு. ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ நீர் வந்து சேரும் நிலம் முழுவதும். கோட்டுக்கு அமெரிக்கர்கள் ‘டிவைட்’ என்பார்கள், ராக்கி மலைத்தொடரில் ஓடும் ‘கான்டினென்டல் டிவைட்’ போல. பிரிக்கும் கோட்டின் பெயர், அந்தக் கோட்டுக்குள் அடைபட்ட நிலத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாவிவிட்டது. வேலியின் பெயர் தோட்டத்துக்கு வந்ததுபோல. ‘நிலம் தண்ணீரைச் சிந்துகிறது’ என்று வினையைப் புதுப்பொருளில் படித்தாலும் இந்தப் பரப்புப் பொருள் இயல்பாகவே வந்துவிடும்.

சிங்கப்பூரில் நம் பள்ளிப் புவியியல் பிரிட்டிஷ் மரபில் வந்தது, சுற்றுச்சூழல் அறிக்கைகளோ பெரும்பாலும் அமெரிக்க வழக்கைப் பின்பற்றுகின்றன. ஒரே கையேட்டில் இரண்டும் வருவதில் வியப்பில்லை.

எது எது என்று கண்டுபிடிக்க அலகைப் பாருங்கள். ஹெக்டர், சதுர கிலோமீட்டர் வந்தால் பரப்பு. வெறும் கிலோமீட்டர் வந்தால் கோடு. எண் இல்லாவிட்டால் வினையைப் பாருங்கள். மாசுபடுத்தலாம், பாதுகாக்கலாம், மேம்படுத்தலாம் என்றால் பரப்பு, ஏனென்றால் கோட்டை யாரும் மாசுபடுத்த முடியாது. கடக்கலாம், ஒட்டிச் செல்லலாம் என்றால் கோடு. ஒரு பொறி மட்டும் உண்டு. ‘அக்ராஸ் த வாட்டர்ஷெட்’ என்று வந்தால் அமெரிக்க எழுத்தில் ‘அப்பரப்பு முழுவதும்’, பிரிட்டிஷ் எழுத்தில் ‘முகட்டைத் தாண்டி அப்பால்’. முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் அதை மொழிபெயர்க்கவே கூடாது.

தமிழ்ச் சொற்கள்: கோட்டுக்கு நீர்ப்பிரிமேடு, அல்லது நீர்ப்பிரிமுகடு. பரப்புக்கு நீர்வடிப்பகுதி. தமிழ்நாட்டு அரசு வாட்டர்ஷெட் மேம்பாட்டுத் திட்டங்களுக்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது.

‘மேடு’ என்றதும் உயர்ந்த மலை என்று எண்ணிவிட வேண்டாம். கோயம்புத்தூர் வழியாக ஓடும் நொய்யல் கிழக்கே போய்க் காவிரியில் கலக்கிறது. தெற்கே பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் ஆழியாறோ மேற்கே திரும்பி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாரதப்புழையோடு அரபிக்கடலுக்குப் போகிறது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே பெரிய மலை எதுவும் கிடையாது. ஆனாலும் எங்கோ ஒரு மெல்லிய ஏற்றத்தில் நீர் பிரிகிறது. அதுதான் நீர்ப்பிரிமேடு. எதிர்ப்பக்க உதாரணம் காவிரி. அரபிக்கடலுக்கு அருகே குடகு மலையில் பிறந்தும், முகட்டின் கிழக்குச் சரிவில் பிறந்ததால் சுமார் 800 கிலோமீட்டர் நடந்து வங்கக்கடலைச் சேர்கிறது.

மனிதர் அந்தக் கோட்டை மீறுவதும் உண்டு. மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, நீர்ப்பிரிமேட்டைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியதுதான் 1895இல் நிறைவடைந்த முல்லைப் பெரியாறு திட்டம். இந்தச் சொல்லை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் தமிழுலகில் இல்லை.

உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் வரைபடம் இருப்பதால், கோடு சரியாக வரையப்பட்டிருக்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். முதலில் நீர் வெளியேறும் இடத்தைக் குறியுங்கள், அதாவது ஓடை நீர்த்தேக்கத்தில் சேரும் வாய். குன்றின் உச்சியிலிருந்து தொடங்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. உச்சியிலிருந்து கிளம்பினால் எந்த ஓடைக்கான கோடு என்பதே தெரியாமல் போகும். பிறகு அந்த ஓடையையும் அதன் கிளைகளையும் நீல நிறத்தில் தடவிக்கொள்ளுங்கள். சம உயரக்கோடுகள் ஓடையையோ முகட்டையோ கடக்கும் இடத்தில் அம்புமுனைபோல் மடியும். அந்த முனை மேட்டை நோக்கி இருந்தால் அது பள்ளத்தாக்கு, தாழ்வை நோக்கி இருந்தால் அது முகடு. வாயிலிருந்து ஒரு பக்கமாக மேலேறி, முகட்டு முனைகளைத் தொட்டபடி உச்சிகளையும், உச்சிகளுக்கு இடையே தாழ்ந்த கழுத்துப் பகுதிகளையும் இணைத்து, மறுபக்கமாக அதே வாய்க்கு இறங்குங்கள்.

கோடு ஒவ்வொரு சம உயரக்கோட்டையும் செங்குத்தாக வெட்ட வேண்டும். ஓடையை வாயில் மட்டுமே தொடலாம். நடுவில் எங்காவது ஓடையை வெட்டினால் ஒரு கிளையைத் தவறான பக்கம் தள்ளிவிட்டீர்கள் என்று பொருள். உச்சிக்கு உச்சி அளவுகோல் வைத்து நேர்க்கோடு இழுத்தாலும் இதே பிழைதான் வரும், முகடு வளைந்து வளைந்து போவதால். கடைசியாகக் கோட்டின் மேல் ஏதாவது ஓரிடத்தில் விரலை வைத்து, அங்கே விழும் மழைத்துளி இந்தப் பக்கம் எங்கே போகும், அந்தப் பக்கம் எங்கே போகும் என்று சரிவைப் பின்பற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே ஓடைக்குப் போனால் கோடு தப்பு.

இது இயற்கை நிலத்துக்குப் போதும். சிங்கப்பூர் நகருக்குப் போதாது. இங்கே கரையோரம் மிகத் தட்டை, சம உயரக்கோடுகள் எதையும் காட்டாது. நீர் போவது சரிவைப் பார்த்து அல்ல, கால்வாயைப் பார்த்து. 1972இல் கட்டி முடித்த திசைதிருப்புக் கால்வாய், மேல் புக்கிட் தீமாவின் வெள்ளநீரை மேற்கே உலு பாண்டான் பக்கம் கொண்டுபோகிறது. 2018இல் முடிந்த ஸ்டாம்ஃபர்ட் திசைதிருப்புக் கால்வாயும் அப்படியே, ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க்கு வந்த நீரில் ஒரு பங்கைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பிவிடுகிறது. நிலம் அசையவில்லை, நீர் பிரியும் கோடு மட்டும் இடம் மாறிவிட்டது. எனவே நகர்ப்பகுதியில் கோடு போட, உயர வரைபடத்தோடு வடிகால் வரைபடத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

---

ஈசூன் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வேர்ச்சொல் ஐயாவுக்கும் நிலவரை ஐயாவுக்கும் மிக்க நன்றி. மூன்றாவது வாக்கியம் நீர்ப்பிரிமேடு, அது தெளிவாகிவிட்டது. இரண்டாவதில் ஒரு சந்தேகம். சிங்கப்பூரில் ‘கேட்ச்மென்ட்’டுக்கு ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்று எழுதிப் பழக்கம். என் வாக்கியத்தில் நீர்த்தேக்கம் வருவதால் அதையே போட்டுவிடலாமா, அல்லது நீர்வடிப்பகுதி என்று மாற்ற வேண்டுமா?

---

நிலவரை எழுதியது:

உங்கள் வாக்கியத்துக்கு நீர்ப்பிடிப்புப் பகுதிதான் பொருத்தம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை உதவும்.

வடிவது வேறு, பிடிப்பது வேறு. தீவில் எங்கே மழை பெய்தாலும் அது ஏதோ ஒரு கால்வாய்க்கோ கடலுக்கோ வடிந்துதான் ஆக வேண்டும். அந்தக் கணக்கில் சிங்கப்பூர் முழுவதுமே நீர்வடிப்பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆனால் குடிநீருக்காக மழைநீர் பிடிக்கப்படும் நிலம் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே விழும் நீர் 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. மெக்ரிட்சி போன்ற பழைய நீர்த்தேக்கங்களைச் சுற்றிக் காடு இருக்கிறது, ஆகவே ‘பிடிப்புப் பகுதி’ என்றதும் காடுதான் பலருக்கும் கண்ணில் வரும். 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு அதை மாற்றிவிட்டது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 10,000 ஹெக்டர், தீவின் ஆறில் ஒரு பங்கு. கட்டடங்களும் சாலைகளும் கடைகளும் நிறைந்த நகர மையம். குப்பை பற்றிய எச்சரிக்கை யாருக்கு என்று நினைத்துப் பாருங்கள். தேக்கா கடைவீதியில் சாக்கடைக்குள் தள்ளிவிடும் பிளாஸ்டிக் பையும் நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் போகிறது. ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்று மட்டும் எழுதினால் வாசகர் ‘அது காட்டில் நடப்பவர்களுக்கு’ என்று கடந்துபோவார். முதல் முறை வரும் இடத்தில் ‘உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள சாலையும் வடிகாலும் உட்பட’ என்று மூல ஆசிரியரின் ஒப்புதலோடு சேர்த்துவிடுங்கள். எச்சரிக்கை என்றால் அது போய்ச் சேர வேண்டும்.

ஒரே ஒரு கவனம். மழைநீர் எங்கே வடிகிறது என்பதை மட்டும் பேசும் இடத்தில், வெள்ளம் பற்றிய அத்தியாயம்போல, ‘பிடிப்பு’ என்று எழுத வேண்டாம். அங்கே நீர்வடிப்பகுதிதான் சரி.

---

தொகுப்பு மேசை எழுதியது:

தேர்தல் வாக்கியத்தையும் ஒளிபரப்பு வாக்கியத்தையும் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் நான் எடுத்துக்கொள்கிறேன். விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஒளிபரப்பு எளிது. பிரிட்டனில் இரவு 9 மணிக்கு முன் சிறுவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக்கூடாது. 9 மணி முதல் காலை 5.30 வரை அனுமதி உண்டு. இங்கே வாட்டர்ஷெட் ஒரு கடிகாரக் கோடு. ‘இரவு 9 மணி வரம்பு’ என்று எழுதினால் போதும். நீர் தேவையில்லை, மேடு தேவையில்லை. மணியைச் சேர்க்காமல் ‘வரம்புக்குப் பிறகு’ என்று மட்டும் எழுதினால் சிங்கப்பூர் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

தேர்தல்தான் கவனம் கேட்கும் இடம். எல்லாரும் முதலில் எடுக்கும் சொல் ‘மைல்கல்’. தவறு. மைல்கல் நாம் போகும் அதே பாதையில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று காட்டுவது. பாதை மாறியதாக அது சொல்லாது. மேலும் தமிழில் ‘வரலாற்றில் ஒரு மைல்கல்’ பாராட்டாகவே ஒலிக்கும். வாட்டர்ஷெட்டில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. 2011 மே 7 தேர்தலை அப்படி அழைத்தவர்களில் அதை வரவேற்றவர்களும் உண்டு, கவலையோடு பார்த்தவர்களும் உண்டு. நடுநிலையான ஒரு பொதுக் கையேட்டில் மைல்கல் என்று போட்டால் மூலத்தில் இல்லாத ஒரு கருத்து தமிழில் நுழைந்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது.

‘திருப்புமுனை’ பரவாயில்லை. பாதை வளைகிறது என்ற பொருள் இருக்கிறது, நடுநிலையாகவும் இருக்கிறது. தலைப்பிலும் இடம் குறைவாக உள்ள பெட்டிச் செய்தியிலும் ‘திருப்புமுனைத் தேர்தல்’ என்றே எழுதலாம். ஆனால் படிமம் முழுமையாக வரவில்லை. திருப்புமுனையில் ஒரே வண்டி திரும்புகிறது. நீர்ப்பிரிமேட்டில் பக்கத்துப் பக்கத்தில் விழும் இரண்டு துளிகள் வெவ்வேறு கடலுக்குப் போகின்றன. அதற்கு முந்தியது ஒரு பக்கம், பிந்தியது மறுபக்கம். கட்டுரை நடையில் இடம் இருந்தால் ‘முன், பின் எனக் காலத்தைப் பிரித்த தேர்தல்’ என்று விரித்து எழுதுங்கள். ஏன் அப்படி அழைத்தார்கள் என்பது அடுத்த வாக்கியத்திலேயே வந்துவிட்டால் படிமம் தானே விளங்கும். பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி முறை 1988இல் வந்ததிலிருந்து எதிர்க்கட்சி ஒன்று குழுத்தொகுதியை வென்றது அதுவே முதல் முறை. அல்ஜூனிட் பாட்டாளிக் கட்சிக்குப் போனது. மூலத்தில் இந்தத் தகவல் இருந்தால் அதைத் தள்ளி வைக்காமல் ஒட்டியே வையுங்கள்.

இன்னொன்று. மூலத்தில் ‘எனப் பேசப்பட்டது’ இருக்கிறது. அதை விட்டுவிட்டு ‘திருப்புமுனைத் தேர்தலாகும்’ என்று முடித்தால், யாரோ சொன்னது கையேட்டின் தீர்ப்பாக மாறிவிடும். பொது ஆவணத்தில் இது சிறிய பிழை அல்ல.

இனி விதி. ‘ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் அது தீங்கு. அதன் உண்மையான நோக்கம் ஒரு கருத்துக்கு ஒரே சொல் என்பது. வாசகர் மூன்றாம் பக்கத்தில் கண்ட பொருளை முப்பதாம் பக்கத்திலும் அடையாளம் காண வேண்டும், அவ்வளவுதான். ஆகவே சொற்பட்டியலில் வாட்டர்ஷெட்டை ஒரு பதிவாக வைக்காமல் நான்காகப் பிரியுங்கள். கோடு, பரப்பு, ஒளிபரப்பு நேரம், நிகழ்வு. ஒவ்வொன்றுக்கும் துறை, ஒரு வரி விளக்கம், தமிழ்ச்சொல், ஒரு மாதிரி வாக்கியம், தவிர்க்க வேண்டிய சொல் என ஐந்து கட்டங்கள். தவிர்க்க வேண்டியதை எழுதுவதுதான் பலரும் மறப்பது. ‘நீர்நிலை’ என்பதைக் கட்டாயம் அங்கே எழுதுங்கள். நீர்நிலை என்றால் ஏரி, குளம், ஆறு. வாட்டர்ஷெட்டோ அவற்றுக்கு நீர் வரும் நிலம். ‘நீர்நிலையில் குப்பை போடாதீர்’ என்று வந்தால், தெருவில் போடலாம் என்று ஆகிவிடும். எச்சரிக்கையே தலைகீழ்.

மொழிபெயர்ப்பு நினைவகக் கருவி பயன்படுத்தினால் மேலும் ஒரு பொறி. ‘வாட்டர்ஷெட்’ என்ற ஒற்றைச் சொல் தலைப்பாகவோ அட்டவணைக் கட்டமாகவோ தனியே வந்தால், முதலில் நீங்கள் போட்ட தமிழை மற்ற எல்லாக் கட்டங்களிலும் கருவி தானே நிரப்பிவிடும். நூறு விழுக்காடு பொருத்தம் என்று பச்சை நிறத்தில் காட்டும், சரிபார்ப்பவரும் தாண்டிப்போவார். அந்தத் துண்டுகளுக்குத் தானியங்கி நிரப்பலை அணைத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் கையால் உறுதி செய்யுங்கள்.

---

படச்செயலி எழுதியது:

சிறு சேர்க்கை. கணினிப் படப் பகுப்பாய்வில் ‘வாட்டர்ஷெட்’ என்ற வழிமுறை உண்டு, 1970களின் இறுதியில் பிரான்சில் உருவானது. அங்கே அது கோடு. படத்தின் ஒளி அளவுகளை மேடுபள்ளமாகக் கருதி, ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலிருந்தும் நீர் ஏறுவதாகக் கொள்வார்கள். இரண்டு பள்ளங்களின் நீர் சந்திக்கும் இடத்தில் ஒரு கரை எழுப்பப்படும். அந்தக் கரைகள்தான் பொருள்களைப் பிரிக்கும் எல்லைகள். நுண்ணோக்கிப் படத்தில் ஒட்டிக்கிடக்கும் உயிரணுக்களைத் தனித்தனியாக எண்ணுவதற்கு இது உதவும். படத்தில் சிறு இரைச்சல் இருந்தாலும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பள்ளமாகி, ஓர் உயிரணு பத்துத் துண்டாகிவிடும். அதனால் முன்கூட்டியே குறிப்புள்ளிகள் வைத்து, அங்கிருந்து மட்டும் நீரை ஏற விடுவார்கள். இதற்கு ‘நீர்ப்பிரிமேட்டு வழிமுறை’ என்று எழுதினால் பொருந்தும். ‘நீர்வடிப்பகுதி வழிமுறை’ என்றால் தப்பு.

---

வேர்ச்சொல் எழுதியது:

தொகுப்பு மேசை சொன்ன கருத்துக்கு ஒரு சொல் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் கோட்டுக்கு ‘நீர்வகிடு’ என்பதை ஒருமுறையாவது எழுதிப் பார்க்கலாம் என்றே நினைக்கிறேன். நீர்ப்பிரிமேடு சரியான சொல், இரண்டாம் வேற்றுமைத்தொகையாக ‘நீரைப் பிரிக்கும் மேடு’ என்று தெளிவாகவே விரியும். ஆனாலும் ‘மேடு’ என்பது நிலவரை ஐயா எச்சரித்த அதே மயக்கத்தைத் தருகிறது. பொள்ளாச்சிப் பக்கம் மேடு எங்கே என்று கேட்பார்கள். வகிடு உயரத்தைப் பற்றிப் பேசுவதில்லை, பிரிவை மட்டும் காட்டுகிறது.

---

தொகுப்பு மேசை எழுதியது:

ஐயா, சொல் அழகு. வகுப்பறையில் விளக்கும்போது நானும் சொல்வேன். ஆனால் பொதுக் கையேட்டில் வாசகர் வேறெங்கும் பார்க்காத சொல்லைப் போட்டால், அவர் தேடிப் பார்க்க இடமிருக்காது. ஏற்கெனவே பாடநூலில் உள்ள சொல் முதலில். புதுச்சொல்லுக்குக் கட்டுரையும் பேச்சும் இடம் தரும், அங்கே பழகிய பிறகு கையேட்டுக்கு வரட்டும். வேண்டுமானால் விளக்கத்தில் ‘தலைவகிடுபோல் நீர் இரண்டாகப் பிரியும் கோடு’ என்று உவமையாக வைக்கலாம். அப்படிச் செய்தால் மேடு தரும் மயக்கமும் தீரும்.

---

ஈசூன் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. விதியைப் பற்றித் தொகுப்பு மேசை சொன்னதை மேலாளருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இப்போதைக்கு நான்கும் இப்படி வந்திருக்கின்றன. பிழை இருந்தால் சொல்லுங்கள்.

2011 பொதுத்தேர்தல், முன், பின் எனக் காலத்தைப் பிரித்த தேர்தல் எனப் பேசப்பட்டது.

நீர்ப்பிடிப்புப் பகுதியில், உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள சாலையும் வடிகாலும் உட்பட, எங்கே குப்பை போட்டாலும் அது மழைநீரோடு நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும்.

இரண்டு ஓடைகளின் நீரும் தலைவகிடுபோல் பிரியும் நீர்ப்பிரிமேடு, இந்த நடைபாதையை ஒட்டியே செல்கிறது.

பிரிட்டனில் இத்தகைய நிகழ்ச்சிகளை இரவு 9 மணி வரம்புக்குப் பிறகே ஒளிபரப்பலாம்.

---

நிலவரை எழுதியது:

மூன்றாவதில் ஒரு திருத்தம். ‘இரண்டு ஓடைகளின் நீரும் பிரியும்’ என்றால் ஓடையில் ஓடும் நீரே முகட்டில் வந்து பிரிவதாகப் பொருள் வரும். பிரிவது மழைநீர், ஓடையில் சேர்வதற்கு முன்பே. ‘மழைநீர் தலைவகிடுபோல் இரண்டு ஓடைகளுக்கும் பிரிந்து இறங்கும் நீர்ப்பிரிமேடு, இந்த நடைபாதையை ஒட்டியே செல்கிறது’ என்று மாற்றுங்கள். மற்ற மூன்றும் சரி. அச்சுக்குப் போகுமுன் அந்த வரைபடத்தில் கோடு எங்காவது ஓடையை வெட்டுகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.